பழைய ரைபிளுக்குப் புதுக் கண்: வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பகுதிக்கு வழமையாக வருபவை தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பற்றிய கேள்விகளே. ஓய்வு பெற்ற பின்னர் சில ஆண்டுகள் கனடாவில் மகனோடு தங்கியிருந்தபோது அவனோடு சுடுதளத்துக்குப் போய்ப் பழகியதை முன்பொரு பதிலில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து துவக்கைப் பற்றிய கடிதங்களும் வந்து சேர்கின்றன. அவற்றுள் நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மச்சான் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் இருக்கிறார். உரிய உரிமத்தோடு எஸ்.கே.எஸ். என்னும் பழைய சீனத் தயாரிப்பு ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். 100 மீற்றரில் வைத்த தாளில் ரவைகள் எல்லாம் கீழே போய் விழுகின்றனவாம். மேல்மூடியில் பொருத்தும் மவுண்ட் (ஸ்கோப்பைத் தாங்கும் சட்டம்), ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), மடக்குக் கால்கள், பிளாஸ்டிக் பிடங்கு ஆகிய நான்கையும் ஒன்றாக வாங்க நினைக்கிறார். எதை முதலில் வாங்குவது நல்லது? (ஹட்டன் வாசகர்)

பதில்: உங்கள் மச்சான் பணப்பையைத் திறப்பதற்கு முன்னர் ரைபிளைத் திறந்து பார்க்க வேண்டும். சேர்கெய் சிமொனோவ் என்ற சோவியத் வடிவமைப்பாளர் உருவாக்கிய இந்த ரைபிளின் பெயரோடு 1945 என்ற ஆண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீனா 1956 முதல் இதையே ‘டைப் 56’ என்ற பெயரில் செய்தது. 7.62 × 39 மி.மீ. தோட்டாவைச் சுடும் இந்த ரைபிளில் பத்துத் தோட்டா கொள்ளும் நிலையான பெட்டி இருக்கும். கனடாச் சட்டத்தின்படி அதை ஐந்தாக அடைத்தே விற்பார்கள், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். இந்தத் துவக்குகளில் பெரும்பாலானவை பல்லாண்டுகள் களஞ்சியத்தில் கிடந்தவை. துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய தடித்த கிறீஸ், மரத்தின் நரம்புகளுக்குள்ளும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டின் துவாரத்துக்குள்ளும் மெழுகுபோல் இறுகியிருக்கும். போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி எந்தச் சுருளுமின்றி முன்னும் பின்னும் தானாக ஓட வேண்டியது. அது கிறீஸில் ஒட்டி முன்பக்கம் நின்றுவிட்டால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடும். ஆகவே போல்ட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயிலோ அதுபோன்ற கரைப்பானிலோ ஊறவைத்துத் துடைத்த பிறகு, காதருகே பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஊசி ‘கடக் கடக்’ என்று ஓடும் ஓசை கேட்டாக வேண்டும். அது கேட்காதவரை ஸ்கோப்பைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

அடுத்தது, கீழே விழும் ரவை. மணல் மூட்டையின் மேல் ரைபிளைச் சாய்த்து, ஒரே புள்ளியைப் பார்த்து, ஐந்து ஐந்தாக மூன்று முறை சுட்டு, அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். ஐந்து துளைகளும் ஏறத்தாழ 9 முதல் 12 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் சேர்ந்து விழுந்தால், இந்த ரைபிள் செய்யக்கூடியதைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்; அந்தக் கூட்டம் நடுவில் விழாமல் வேறிடத்தில் விழுவது குறியின் குற்றமே தவிர குழலின் குற்றமல்ல. ஒன்று வடக்கே ஒன்று தெற்கே என்று சிதறி விழுந்தால் காரணத்தைச் சுடுபவரின் தோளிலும் விரலிலும், குழலின் வாயிலும் தேட வேண்டும். அதை எந்தக் கண்ணாடியும் திருத்தாது.

கூட்டமாகக் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அருகே உள்ள பின்குறியின் நகரும் துண்டு முதலில் ‘1’ என்ற கோட்டில், அதாவது 100 மீற்றரில், நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றும் கீழே விழுந்தால், குழலின் நுனியில் நிற்கும் முன்குறியின் முள்ளை அதற்கென்று விற்கும் சிறிய சாவியால் உள்ளே திருகி இறக்க வேண்டும். முன்குறிக்கு ஒரே விதிதான்: ரவை போன பக்கம் முள்ளும் போக வேண்டும். ரவை கீழே விழுந்தால் முள் கீழே, ரவை வலது பக்கம் விழுந்தால் முள்ளும் வலது பக்கம். பின்குறிக்கு இதன் மறுதலை. இதை மாற்றிச் செய்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி நிற்பவர்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் சுடுதளத்தில் கண்டிருக்கிறேன்; முதல் மாதத்தில் நானும் அவர்களில் ஒருவன். இந்த ரைபிளில் இரண்டு குறிகளுக்கும் இடையிலான நீளம் 48 சென்ரிமீற்றர். எனவே முள்ளை அரை மில்லிமீற்றர் இறக்கினாலே 100 மீற்றரில் ரவை ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மேலே ஏறிவிடும். உங்கள் மச்சானின் நோய்க்கு அரை மில்லிமீற்றரே மருந்தாக இருக்கலாம்.

மேல்மூடி மவுண்டை மட்டும் வாங்க வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன், ஏனெனில் அதில் நான் காசைத் தொலைத்தவன். எஸ்.கே.எஸ்.ஸின் மேல்மூடி தூசு புகாமல் காப்பதற்காகச் செய்த தகடு. பின்னால் உள்ள ஒரேயொரு குறுக்கு ஆணிதான் அதைப் பிடித்திருக்கிறது. ரைபிளைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூடியைக் கழற்றியாக வேண்டும். என் மகனின் ரைபிளில் அத்தகைய மவுண்டைப் பூட்டி, அரை நாள் செலவழித்து ஸ்கோப்பைச் சரி செய்தோம். மாலையில் மூடியைக் கழற்றித் துடைத்துப் பூட்டினோம். அடுத்த வாரம் முதல் ரவை சென்ற வாரத்து இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது. மூடியை விரலால் அழுத்திப் பார்த்தபோது அது மெல்ல அசைந்தது. நாற்பது வருடம் கொழுந்து உருட்டும் ரோலர்களோடு மாரடித்தவன் நான். அடிப்போல்ட் தளர்ந்த ரோலரை வைத்துக்கொண்டு கொழுந்தைக் குறை சொல்லக் கூடாது என்று எத்தனையோ பையன்களுக்குப் பாடம் எடுத்தவன். கடைக்காரர் கண்ணாடியின் தெளிவைக் காட்டியதும் அந்தப் பாடம் மறந்துபோயிற்று.

அசையாத இடம் என்று பார்த்தால் இந்த ரைபிளில் மூன்றுதான் உண்டு. ஒன்று, ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின்) பின்புறத்தில் உறுதியாக அமரும் துவாரக் குறி, அதாவது சிறு துளை வழியாகப் பார்க்கும் பின்குறி: துளையிட வேண்டியதில்லை, எடையும் சொற்பம், இரண்டு குறிகளுக்கும் இடையிலான நீளமும் கூடிவிடும். இரண்டு, பழைய பின்குறியின் தகட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டும் சிறிய தண்டவாளம்: அதன் மேல் ரெட் டொட் (இலக்கின் மேல் சிவப்புப் புள்ளியைக் காட்டும் சிறு கண்ணாடி) வைக்கலாம், அல்லது கண்ணிலிருந்து கால் மீற்றர் தள்ளி வைத்துப் பார்க்கும் நீள்பார்வை ஸ்கோப் வைக்கலாம். சாதாரண ஸ்கோப்புக்குக் கண் 8 முதல் 10 சென்ரிமீற்றருக்குள் இருந்தாக வேண்டும் என்பதால் அது அங்கே உதவாது. பின்குறியை அடுத்து வெடிவாயு ஓடும் வாயுக்குழாய் இருப்பதால் தொடர்ந்து சுடும்போது அவ்விடம் சூடேறும் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாவது, ரிசீவரின் பக்கவாட்டில் துளையிட்டு மரையிட்டுப் பூட்டும் மவுண்ட். உறுதியில் இதுவே முதலிடம். ஆனால் போட்ட துளையை மூட முடியாது. பழைய பொருளாக நாளை அதற்கு வரக்கூடிய விலையும் அந்தத் துளை வழியாகவே போய்விடும். நானாக இருந்தால் முதலாவதை எடுத்துக்கொண்டு மீதிப் பணத்துக்குத் தோட்டா வாங்குவேன்.

இன்னும் ஸ்கோப்தான் வேண்டுமென்று மச்சான் நின்றால், நான்கு மடங்கு பெரிதாக்குவது போதும். 100 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் கூட்டம் போடும் ரைபிளுக்குப் பதினாறு மடங்குக் கண்ணாடி பூட்டினால், தம் மூச்சில் ரைபிள் ஆடுவதை அவர் பெரிதாகப் பார்க்கலாம், அவ்வளவே. அதோடு இந்த ரைபிள் வெற்றுக்கோதை மேலும் முன்னுமாக வீசி எறிவதால், தாழ்வாகப் பூட்டிய ஸ்கோப்பின் வயிற்றில் அது போய் அடிக்கும். மேலிருந்து கிளிப் வைத்துத் தோட்டாக்களை ஒரே தள்ளில் இறக்கும் வசதியும் போய், ஸ்கோப்பின் அடியில் விரலை நுழைத்து ஒவ்வொன்றாகத் திணிக்க வேண்டியிருக்கும்.

மடக்குக் கால்கள் ஏற்கெனவே நான்கு கிலோகிராமை நெருங்கும் ரைபிளை இன்னும் கனமாக்கும். மணல் மூட்டை இருக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை. பிளாஸ்டிக் பிடங்கு அழகுக்கு மட்டுமே. மரப்பிடங்கு குட்டையாக இருப்பதாக உயரமானவர்கள் முறையிடுவது நியாயம். அதற்குப் பின்முனையில் மாட்டும் ரப்பர் உறை ஒன்று போதும். அகலமான தோல் வார் ஒன்றை மட்டும் தயங்காமல் வாங்கலாம். அதை இடது முழங்கைக்கு மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுடப் பழகினால் பாதி ஆட்டம் அடங்கிவிடும்.

பழைய இராணுவத் தோட்டாக்களைச் சுடுவதானால், அவற்றின் பற்றுக்குப்பியில் (ஊசி அடித்ததும் தீப்பற்றும் சிறு குப்பியில்) உள்ள இரசாயனம் எரிந்து உப்பாகக் குழலில் படியும். உரமூட்டை வைத்த இரும்புத் தட்டு ஒரே மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு எண்ணெயில் கரையாது. எனவே சுட்ட அன்றே குழல், வாயுக்குழாய், பிஸ்டன் மூன்றையும் சுடுதண்ணீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் தடவ வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 61. கனடாவில் இருக்கும் மகளிடம் போகும்போது உரிமம் உள்ள மருமகன் தம் மேற்பார்வையில் என்னைச் சுடவிடுவார். இலக்கு தெளிவாகத் தெரிகிறது, முன்குறியோ பஞ்சுபோல் மங்கலாக இருக்கிறது. ரெட் டொட் பூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மருமகன். ஆனால் கடையில் அதைப் பார்த்தபோது சிவப்புப் புள்ளி வால்வெள்ளிபோல் இழுபட்டுத் தெரிந்தது. பழுதான பொருளைக் காட்டினார்களா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: பொருள் பழுதாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு, ஐயா. சாதாரணக் குறியில் கண் மூன்று தூரங்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது: கைக்கெட்டும் தூரத்தில் பின்குறியின் வெட்டு, ஏறத்தாழ ஒரு மீற்றரில் முன்குறியின் முள், அதற்கப்பால் 100 மீற்றரில் இலக்கு. எந்த வயதிலும் கண் இவற்றுள் ஒன்றில்தான் கூர்மையாக நிற்கும். இளமையில் அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சட்டென்று தாவுவதால் மூன்றும் தெளிவாக இருப்பதுபோல் ஒரு மயக்கம் உண்டாகிறது. நாற்பதைத் தாண்டியதும் விழிவில்லை இறுகத் தொடங்கித் தாவல் நின்றுவிடுகிறது. தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறியே. இலக்கு சற்று மங்கினால் பாதகமில்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பது தலைகீழ்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சிறு சதுரம் வெட்டி, நடுவே ஒன்றரை மில்லிமீற்றர் துளையிட்டு, சுடும்போது கண் பார்க்கும் இடத்தில் உங்கள் மூக்குக்கண்ணாடியில் ஒட்டுங்கள். நிற்கும் நிலையில் அளந்து ஒட்டினால் தவறிவிடும். ரைபிளில் கன்னத்தை வைத்தபடி மருமகனை ஒட்டச் சொல்லுங்கள். அந்தத் துளை வழியாக முள்ளும் இலக்கும் இரண்டுமே கூர்மையாகத் தெரிந்தால், உங்களுக்குத் தேவை துவாரக் குறிதான். சிறு துளை சிதறி வரும் ஒளியை வெட்டிவிட்டு நேராக வரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவதால் அண்மையும் சேய்மையும் ஒருசேரத் தெளிகின்றன. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்த்த மாணவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் அறியாமல் செய்ததும் இதையே. 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய இலக்கு அரை மில்லிமீற்றர் அகலமுள்ள பொட்டு. பெரிதாக்கும் கண்ணாடிக்கு அங்கே இடமில்லை, துவாரக் குறியை வைத்தே அதைத் துளைக்கிறார்கள்.

துவாரத்தால் மட்டும் தீராவிட்டால் கண் மருத்துவரிடம் போகலாம். தூரப் பார்வைக்கு உங்களுக்கு எழுதிய அளவோடு +0.50 அல்லது +0.75 கூட்டி, சுடுவதற்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொண்டால் பார்வையின் கூர்மை முன்குறிப் பக்கம் நகர்ந்து வரும். ‘பைஃபோக்கல்’ கண்ணாடி இங்கே உதவாது, ஏனெனில் தலையைக் குனிந்து கன்னத்தைப் பதிக்கும்போது கண் மேல்பாதி வழியாகத்தான் பார்க்கிறது.

இனி அந்த வால்வெள்ளி. ரெட் டொட்டின் நன்மை, இலக்கை மட்டும் பார்த்தால் போதும் என்பது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே சுடலாம். ஆனால் கருவிழியின் வளைவு சீராக இல்லாத கண்ணுக்கு அந்தப் புள்ளி கோடாகவோ கொத்தாகவோ தெரியும். கைத்தொலைபேசியின் கமெராவை ரெட் டொட்டின் பின்னால் பிடித்துப் பாருங்கள். திரையில் புள்ளி வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில். திரையிலும் வால் தெரிந்தால் கடைக்காரரோடு பேசலாம். ஒளியைக் குறைத்து வைத்தாலே பலருக்கு வால் சுருங்கிவிடும்.

கேள்வி: உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கிறேன். அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஸ்கோப் படமொன்றில் ‘ஒரு கிளிக் 1/4 எம்.ஓ.ஏ.’ என்று இருந்தது. இதன் பொருள் என்ன? 25 மீற்றரில் சரி செய்து கொடுத்த ரைபிள் 100 மீற்றரில் மேலே சுடுகிறதாம், அது எப்படி? (தலவாக்கலை வாசகி)

பதில்: இயந்திரங்களைப் பற்றிய கேள்விகளில்கூட இவ்வளவு தெளிவை நான் அடிக்கடி காண்பதில்லை, மகளே. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு, அதாவது ஒரு கலை. வட்டத்தில் 360 பாகை, ஆகவே 21,600 கலை. 100 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் பரிதியை 21,600 ஆல் பிரித்துப் பார், 2.9 சென்ரிமீற்றர் வரும். அதில் கால்வாசி, அதாவது ஸ்கோப்பின் குமிழை ஒரு படி (ஒரு கிளிக்) திருப்பினால் ரவை நகரும் தூரம், ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். எனவே 100 மீற்றரில் ரவை 11 சென்ரிமீற்றர் கீழே விழுந்தால், மேற்குமிழை 15 கிளிக் திருப்ப வேண்டும். 50 மீற்றரில் ஒரு கிளிக்கின் பலன் இதில் பாதி என்பதால், அதே 11 சென்ரிமீற்றருக்கு 30 கிளிக் தேவைப்படும். முதல் பதிலில் உள்ள 48 சென்ரிமீற்றரையும் அரை மில்லிமீற்றரையும் வடிவொத்த முக்கோணிகளாக வரைந்தால் அந்தக் கணக்கும் உனக்குப் பிடிபடும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு படம் வரைய வேண்டும். ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டுக்கு 5 அல்லது 6 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. பார்வை நேர்கோட்டில் போகும், ரவை போகாது, புவியீர்ப்பால் வளையும். ஆகவே குழலைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தே பூட்டுகிறோம். ரவை கீழிருந்து ஏறிவந்து ஓரிடத்தில் பார்வைக்கோட்டை வெட்டி, அதற்கு மேலே சிறிது தூரம் பறந்து, பின்னர் இறங்கி இரண்டாம் முறை வெட்டுகிறது. அண்ணாவுக்குச் சரி செய்து கொடுத்தது முதல் வெட்டில். 100 மீற்றரில் ரவை இன்னும் வளைவின் மேற்புறத்தில் இருக்கிறது. 25 மீற்றரில் தாளில் படுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, முடிவான திருத்தத்தை 100 மீற்றரில் செய்ய வேண்டும். ஒரு ரவைக்கு ஒரு திருத்தம் என்று குமிழைத் திருகிக்கொண்டே இருக்கக் கூடாது. மூன்று சுட்டு, அவற்றின் நடுவைக் கண்டு, அதன் பிறகே கையை வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் மவுண்டின் ஒவ்வொரு திருகாணியிலும் தலையையும் அடித்தளத்தையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடலாம். கோடு பிளந்திருந்தால் திருகாணி தளர்ந்திருக்கிறது. என் மருமகளின் நகப்பூச்சுப் போத்தல்கள் இரண்டு இப்படித்தான் காலியாயின.

கேள்வி: எங்கள் மரக்கறித் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றித் தொல்லை. அப்பாவின் பெயரில் பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற 12 போர் துவக்கு இருக்கிறது. கனடாவிலிருந்து மாமா விடுமுறைக்கு வரும்போது பழைய ஸ்கோப் ஒன்றைக் கொண்டு வருகிறேன் என்கிறார். பூட்டலாமா? (நுவரெலியா வாசகர்)

பதில்: மாமாவைக் கொண்டு வர வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். கனடாவில் கடையில் வாங்கும் பொருளை இங்கே பயணப்பெட்டியில் போட்டு வந்து விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல நிற்கக் கூடாது. நம் நாட்டில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமத்தோடுதான் அப்பா அந்தத் துவக்கை வைத்திருக்கிறார். அதில் எதையேனும் மாற்றவோ கூட்டவோ விரும்பினால், உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெற்ற பிறகே கையை வைக்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தத் துவக்குக்கு ஸ்கோப் தேவையுமில்லை. சிறு குண்டுகளை விரித்து வீசும் துவக்கு அது; முப்பது மீற்றருக்குள் வேலை செய்வது. அதன் முனையில் இருக்கும் வெண்கல மணியே போதும். மணி கறுத்து இருட்டில் தெரியாமற் போயிருந்தால் வெள்ளை எனாமலால் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

பன்றியா வேறெதுவா என்று பார்க்கத்தான் ஸ்கோப் வேண்டும் என்று நீங்கள் எண்ணியிருந்தால், அது இன்னும் ஆபத்தானது. ஸ்கோப்பால் எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கியே குழலும் நீண்டிருக்கும். பனிமூட்டத்தில் அசைவது மரையாக இருக்கலாம், வாய்க்காலில் தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துத் தோட்டக்காரராகவும் இருக்கலாம். மரையும் சிறுத்தையும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. பார்ப்பதற்கு இருகண் தொலைநோக்கி, சுடுவதற்குத் துவக்கு என்று இரண்டையும் பிரித்தே வையுங்கள். 7 × 50 என்று குறித்த தொலைநோக்கி அந்தி வெளிச்சத்தில் நன்கு காட்டும்.

அதை வாங்கினால் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். நுவரெலியாவின் ஈரத்தில் கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சணம் படரும். ஒருமுறை பிடித்துவிட்டால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டன என்று பொருள். மெல்லிய சூட்டில் நீலம் திரும்பும்வரை உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அந்த நீலச் சாயம் நஞ்சு என்பதால் சமையல் சட்டியை எடுக்காமல் அதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.